சிவசாமி ஏன் குனிகிறான்

அடங்கிப்போகிற ஒரு மனிதனைக் காட்டினால், அவனுக்குப் பின்னால் ஒரு பழைய ரத்தக்கறையையும் காட்டியாக வேண்டும் என்பது நம் கதைகளில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. இந்த உத்தி எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று எடைபோட, பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலையும் அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

முதலில் படம் தருவது. மூத்த மகனை மீட்க, ஊரில் ஒவ்வொருவர் காலிலும் படத்தின் நாயகன் சிவசாமி விழுகிறான். அப்போது அவன் கோழையாகத்தான் தெரிகிறான். முன்கதை வந்த பிறகு அதே காட்சி மனத்துக்குள் வேறாகிறது. இளம்வயதில் தான் கட்டிக்கொள்ள இருந்த மாரியம்மாளுக்கு ஆசையாகச் செருப்பு வாங்கித் தந்தவன் அவன். அதைப் போட்டு நடந்ததற்காக அவள் அடிபட்டாள். அடித்தவனைச் சிவசாமி திருப்பி அடித்தான். குடிசைகள் எரிந்தன, குடும்பம் கருகியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. தன் ரோஷம் ஒரு குடும்பத்தைத் தின்றது என்று நம்புகிறவன், இரண்டாவது குடும்பத்துக்காக ரோஷத்தை விழுங்குகிறான். பல வருஷம் கழித்து மூத்த மகன் கையில் மறுபடி ஒரு செருப்பு ஏறும்போது, அப்பனின் பயம் நமக்கும் தொற்றிவிடுகிறது. இது சாதாரணத் திறமை இல்லை.

ஆனால் எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. தீ வைத்தவர்கள் எவருக்கும் குற்றவுணர்வு இல்லை. எரிந்துபோனவர்களின் பிள்ளைதான் ஆயுசு முழுக்க அதைச் சுமக்கிறான். செருப்பு வாங்கித் தந்தது பாவமா? ‘நான் அடங்கியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்’ என்ற எண்ணம் ஆதிக்கம் அவனுக்குள் ஊன்றிவிட்டுப் போன முள். படம் அதைப் பக்குவம் என்று காட்டிவிடும் அபாயம் இருக்கிறது. மாரியம்மாளும் அவன் துக்கத்துக்குக் காரணமாக மட்டுமே வந்து போகிறாள். அவளுக்கென்று ஒரு வாழ்க்கை விரிய இடமில்லை.

நாவல் வேறு தடத்தில் போகிறது. அங்கே ‘அய்யா’ என்றே வரும் அப்பனின் பழைய காலம் பேச்சோடு பேச்சாக வரும். தனிக்கதையாக விரிந்து எதையும் நியாயப்படுத்தாது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்த இளைய மகன் சிதம்பரம் அவனைக் கொன்றேவிடுகிறான். அதன் பிறகு அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள்.

செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் நடந்து பழகியவர்களுக்கு நாவலின் இந்தப் பகுதி நன்றாகப் பிடிபடும். கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூரும் அதைத் தாண்டிச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பூமணியின் கரிசலும். மேற்கே மறைவு தரும் மலை. அடுப்பு மூட்டினால் புகை காட்டிக் கொடுக்கும், ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் ஆடு மேய்ப்பவர் கண்ணில் பட நேரும். இப்படிப்பட்ட இடத்தில் ஒளிந்திருப்பவனுக்கு உட்கார்ந்து வருந்தப் பொழுதில்லை. பூமணி இதை அறிந்து எழுதியிருக்கிறார். சமைப்பது, படுக்க இடம் பார்ப்பது, வீட்டை நினைத்துக்கொள்வது என்றே நாட்கள் போகின்றன. அந்த வேலைகளுக்கு நடுவில்தான் பதினைந்து வயதுப் பையன், தான் செய்தது என்ன என்பதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறான். அப்பன் போதிப்பதில்லை, கூட இருக்கிறான். உள்ளே நடக்கும் கொந்தளிப்பைப் பூமணி அளவுக்கு மீறி அடக்கிவிட்டார் என்று ஒரு வாசகர் குறைபட்டால், அதில் நியாயம் உண்டு. அய்யாவின் பயத்தைப் படத்தில் உணர்கிற அளவு நாவலில் உணர முடிவதில்லை.

முடிவில் இரண்டும் கோர்ட்டுக்குத்தான் போகின்றன. நாவலில் அப்பனும் மகனும் சேர்ந்தே சரணடையப் போகிறார்கள். செய்ததற்குச் சிதம்பரம் தானே பதில் சொல்ல வேண்டும். படத்தில் சிதம்பரம் செய்த கொலையைச் சிவசாமி தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான், மகனைப் படிக்கச் சொல்கிறான். தகப்பனாக அவன் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. அவனுடைய பழைய கணக்கு அதோடு தீர்கிறது. ஆனால் சிதம்பரத்தின் கணக்கையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தான் செய்த கொலைக்கு முன்னால் நிற்கும் வாய்ப்பு அந்தப் பையனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.