மீன் லாபமும் ஆதாயப் பதவியும்

கெடு முடிந்தும் வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரர் மேல் என் மாமா வழக்குப் போட்டிருந்தார். ஒருநாள் துணைக்கு நானும் வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். பிராதை வேகமாகப் படித்துக்கொண்டே போன வக்கீல், “சாவி கைக்கு வர்ற தேதி வரைக்கும் மீன் பிராஃபிட்ஸும் கேட்டிருக்கோம் சார்” என்றார். மாமா தலையாட்டினார். தெருவுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்: “வீட்டுக்குத்தானே கேஸ் போட்டோம், இதுல மீன் எங்கடா வந்துச்சு?”

அந்த ‘மீன்’ பழைய நார்மன் பிரெஞ்சுச் சட்டச் சொல். எழுதும்போது நடுவில் ஒரு ‘ஸ்’ இருக்கும், வாய் அதைச் சொல்லாது. ‘இடைப்பட்ட’ என்று பொருள். உரிமை போன நாளுக்கும் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் நடுவில், முறையற்று வைத்திருப்பவர் அந்தச் சொத்திலிருந்து அடைந்த பலனைத்தான் அது குறிக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதை 2ஆம் பிரிவிலேயே வரையறுத்திருக்கிறது. அவர் உண்மையில் பெற்றது மட்டுமல்ல, சாதாரண அக்கறையோடு நடந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதும் கணக்கில் வரும். மேலே வட்டியும் உண்டு. அவரே செலவழித்துச் செய்த மேம்பாட்டால் கிடைத்த பலனை மட்டும் கழித்துவிடுவார்கள்.

மாமாவுக்கு மீன் புரிந்துவிட்டது, பிராஃபிட்தான் புரியவில்லை. “அவன் என்ன என் வீட்டுல கடையா போட்டான்? குடும்பத்தோட குடியிருந்தான். அதுல என்ன லாபம்?” நியாயமான கேள்வி. பிராஃபிட் என்றால் லாபம், லாபம் என்றால் விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தது என்று ஐந்தாம் வகுப்புக் கணக்கிலேயே நமக்குப் படிந்துவிட்டது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் கடையில் பிறந்ததல்ல.

அதன் வேர் லத்தீன். ‘முன்னோக்கி’ என்ற முன்னொட்டும் ‘செய்’ என்ற வினையும் சேர்ந்தது. ஆக முன்னேறுவதுதான் முதற்பொருள். பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது நன்மை, பயன், வளர்ச்சி எல்லாமே அதற்குள் அடங்கின. காசும் ஒரு ஓரத்தில் இருந்தது, அவ்வளவே. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ‘கெயின்’ இன்னும் வேடிக்கையானவன். ஜெர்மானிய மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் அடியில் இருப்பது வேட்டையும் மேய்ச்சலும். இரை தேடிப் போனவன் கொண்டுவந்தது எதுவோ, அது கெயின்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், மாற்கு 8ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்தில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. உலகத்தையே ஈட்டினாலும் உயிரை இழந்தவனுக்கு என்ன பயன் என்ற கேள்வி அது. நம் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் அதே வசனத்தைப் பார்த்தால் ஆதாயம், நஷ்டம், லாபம் மூன்றும் வரிசையாக நிற்கும். ஆன்மாவைப் பற்றிய வாக்கியம் தமிழில் செட்டியார் கடைப் பேரேடு போல ஆகிவிடுகிறது. இதை மொழிபெயர்ப்பின் குறை என்று நான் சொல்லமாட்டேன். மூலத்திலேயே அந்த வணிக வாசனை உண்டு.

அதே காலத்தில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் தீவின் பழைய குடியான கலிபன், எஜமானன் மகளிடம் சீறுகிறான். எனக்கு மொழி கற்றுத் தந்தீர்கள், அதனால் எனக்குக் கிடைத்த பிராஃபிட் சபிக்கத் தெரிந்ததுதான் என்பது அவன் பேச்சின் சாரம். இங்கே ‘லாபம்’ என்று தமிழாக்கினால் அவன் வியாபாரி ஆகிவிடுவான், ‘பயன்’ என்று போட்டால் கசப்பு பாதி போய்விடும். ‘கண்ட பலன்’ என்றால் ஒருவேளை நெருங்கலாம்.

நிலச் சட்டத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. இங்கிலாந்தில் ‘பிராஃபிட் ஆ பிராந்தர்’ என்று ஓர் உரிமை உண்டு. அடுத்தவர் நிலத்தில் மாடு மேய்க்கலாம், விறகு வெட்டலாம், அடுப்புக்குப் புல்கரி தோண்டலாம், குளத்திலோ ஆற்றிலோ மீன் பிடிக்கலாம். நிலம் அவருடையது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பலன் உன்னுடையது. மாமா கேட்ட மீன் இங்கே உண்மையாகவே வந்து துள்ளுகிறது. இந்தச் சட்டத்தில் பிராஃபிட் என்பது ஒரு தொகையே அல்ல. புல், விறகு, மீன்தான் பிராஃபிட்.

பிறகு அது எப்படிக் கழித்தல் கணக்கின் விடையானது? அதற்குக் கணக்குப் பிள்ளைகள்தான் பொறுப்பு. 1494இல் வெனிஸ் நகரில் லூகா பச்சோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை விளக்கப்பட்டிருக்கிறது. அதில் இன்றைய லாப நட்டக் கணக்குக்கு இத்தாலிய வணிகர்கள் வைத்திருந்த பெயர் ‘நன்மை, சேதம்’ என்ற பொருள்படும். நன்மை என்ற பரந்த சொல் ஏட்டில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நாளடைவில் அந்தப் பக்கத்தின் கடைசி எண்தான் பிராஃபிட் என்றாயிற்று. இன்று அந்த எண்ணுக்கும் பல முகங்கள். மொத்த லாபம், நிகர லாபம், வரிக்கு முந்தியது, பிந்தியது, தேய்மானமும் வட்டியும் கழிக்காதது. எந்த முகம் அழகாக இருக்கிறதோ அதையே நிறுவனங்கள் பத்திரிகைக் குறிப்பின் முதல் வரியில் காட்டுகின்றன.

பொருளியலுக்குள் இந்தச் சொல்லைக் கறாராக நிறுத்தியவர் ஆடம் ஸ்மித். 1776இல் வந்த நூலில் கூலி, லாபம், வாரம் என்று மூன்றாகப் பிரித்தார். லாபம் என்பது மேற்பார்வை வேலைக்கான கூலியின் மறுபெயர் அல்ல, போட்ட முதலுக்கு உரியது என்றார். அப்படிச் சொன்னவரே சில அத்தியாயங்கள் தள்ளி ஒரு சின்னத் துறைமுக ஊரின் மளிகைக்காரரைக் கொண்டுவருகிறார். வெறும் 100 பவுண்டு சரக்கில் அவருக்கு நூற்றுக்கு 40, 50 லாபம். அதே ஊரில் 10,000 பவுண்டு போட்ட மொத்த வியாபாரிக்கு 8, 10 தேறுவதே பாடு. மளிகைக்காரர் கொள்ளையடிக்கிறாரா? இல்லை. அவர் எழுதப் படிக்கக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், ஐம்பது வகைச் சரக்கின் தரமும் விலையும் அறிந்தவர். அவருடைய லாபத்தில் பெரும்பகுதி உண்மையில் கூலி என்று முடிக்கிறார் ஸ்மித்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் இதை நேரில் பார்க்கலாம். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் இறங்கும்போது திறப்பவர், இரவு பத்தரைக்குத்தான் ஷட்டரை இழுப்பார். நடுவில் சாப்பாட்டு வேளைக்கு மனைவி கல்லாவில் உட்காருவார். எவ்வளவு நிற்கும் அண்ணாச்சி என்று கேட்டால், “ஏதோ முதலுக்கு மோசம் இல்லாம ஓடுது” என்பார். இரண்டு பேருடைய பதினேழு மணி நேர உழைப்புக்குச் சம்பளம் போட்டுக் கழித்தால் அங்கே லாபம் என்று எதுவும் மிஞ்சாது. வருமான வரிக் கணக்கில் அது முழுக்க ‘பிராஃபிட்’ தலைப்பில்தான் ஏறும்.

இந்த இடத்தில் தமிழ் ஒரு நல்ல குறும்பு செய்திருக்கிறது. திருக்குறளில் ‘ஊதியம்’ என்றால் முதல் போட்டவன் அடையும் லாபம். இன்று அதே சொல் சம்பளம். முதலும் ஊதியமும் குறளில் ஒரே ஆளின் பையில் இருந்தன. இப்போது ஆலை வாசலில் எதிரெதிராக நின்று பேச்சுவார்த்தை நடத்துகின்றன. ஸ்மித் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பொருளையும் ஒரே சொல் தன் வாழ்நாளில் கடந்து வந்திருக்கிறது.

காலியான இடத்துக்கு வந்தவை வடமொழியிலிருந்து வந்த லாபமும் ஆதாயமும். லாபம் என்றால் வெறுமே ‘கிடைத்தது’. களத்தில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவார்கள். அங்கே கழித்தல் எதுவும் இல்லை. வாய் நல்லதைச் சொல்லித் தொடங்கட்டும் என்பதுதான். ஆதாயம் அப்படி அல்ல, அதில் கொஞ்சம் கறை உண்டு. நகைக்காகக் கழுத்தை நெரித்தால் காவல்துறையும் நாளிதழும் அதை ‘ஆதாயக் கொலை’ என்கின்றன. லாபக் கொலை என்று யாரும் எழுதுவதில்லை.

அதனால்தான் ‘ஆஃபீஸ் ஆஃப் பிராஃபிட்’ தமிழில் லாபப் பதவி ஆகாமல் ‘ஆதாயம் தரும் பதவி’ ஆனது. மொழிபெயர்த்தவர் யாரோ, காது உள்ளவர். இதன் தொடக்கமும் இங்கிலாந்துதான். அரசரிடம் சம்பளப் பதவி வாங்கியவர் அரசரைக் கேள்வி கேட்க மாட்டார் என்ற சந்தேகத்தில், அப்படிப்பட்டவர் மக்கள் அவையில் உட்காரக் கூடாது என்று 1701ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் எழுதினார்கள். அமலுக்கு வருமுன்பே அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் சொற்றொடர் நிலைத்தது. அதிலிருந்து ஒரு விசித்திரமும் பிறந்தது. பிரிட்டிஷ் எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. விலக நினைப்பவர் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பகுதியின் மேற்பார்வையாளர் பதவியைக் கேட்டு வாங்குவார். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆதாயப் பதவி, எனவே அவருடைய இடம் காலி. காலணா வராத பிராஃபிட்!

நம் அரசமைப்புச் சட்டத்தின் 102ஆம், 191ஆம் உறுப்புகளில் அதே சொற்றொடர் உட்கார்ந்திருக்கிறது, விளக்கம் இல்லாமல். 2006இல் அது வெடித்தது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் மாநிலங்களவை இடத்தை இழந்தார். அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் சில வசதிகளும் உண்டு. நான் எதையும் வாங்கவில்லை என்பது அவர் வாதம். வாங்கினாரா என்பது கேள்வியல்ல, அந்தப் பதவி ஆதாயம் தரவல்லதா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு மார்ச் மாதம் தேசிய ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த சோனியா காந்தி மக்களவை இடத்தைத் தானே துறந்து ரேபரேலியில் மறுபடி நின்றார். மாமா வழக்கின் ‘பெற்றிருக்கக்கூடியது’ என்ற தர்க்கம்தான் இங்கேயும். கணக்குப் பிள்ளைக்கு பிராஃபிட் மிஞ்சியது, நீதிபதிக்கு அது மிஞ்சியிருக்கக்கூடியது.

வரித் துறைக்கோ இரண்டும் போதாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ‘சம்பளத்துக்குப் பதிலான பிராஃபிட்’ என்று ஒரு வகை வந்தது. வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் கையில் தரும் இழப்பீடு அதில் அடங்கும். வேலை போனவனின் லாபம்! இந்தச் சொற்றொடரை எழுதியவருக்குக் காது இருந்ததா என்று தெரியவில்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்த காலம் உண்டு. முதல் உலகப்போரில் படைக்குச் சரக்கு விற்றுக் கொழுத்தவர்களைச் சுட்ட ‘பிராஃபிட்டியர்’ என்ற வசைச் சொல் எங்கும் பரவியது. பிரிட்டன் 1915இல் மிகை லாபத்துக்கு 50 சதவீத வரி போட்டு, 1917இல் அதை 80 ஆக்கியது. 1919இல் அந்த வசைச் சொல்லின் பெயரிலேயே சட்டமும் வந்தது. தமிழ் இதற்குத் தடுமாறவே இல்லை, ‘கொள்ளை லாபம்’ தயாராக இருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி.யோடு, வரிக் குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குத் தராத கடைகளைப் பிடிக்க ஓர் ஆணையம் வந்தபோது நாளிதழ்கள் யோசிக்காமல் அதைக் கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் என்றன. எதிர்ப்பக்கத்தில் ‘லாப நோக்கற்ற நிறுவனம்’. அங்கே பணம் மிஞ்சக் கூடாது என்பதல்ல, மிஞ்சியதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே விதி. மிஞ்சியதற்கு அங்கே ‘உபரி’ என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பங்குச் சந்தைப் பக்கத்தில் இன்னொரு திருகல். விலை ஏறிய பங்கை விற்றுக் காசாக்கினால் ‘பிராஃபிட் புக் பண்ணிட்டேன்’ என்பார்கள். மறுநாள் செய்தியில், ‘லாப நோக்கில் பங்குகளை விற்றதால் சந்தை சரிந்தது’ என்று வரும். வாங்கியவர்கள் எந்த நோக்கில் வாங்கினார்களோ!

மாமாவின் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. மூன்று மாதத்தில் காலி செய்வதாகக் குடித்தனக்காரர் எழுதிக் கொடுத்தார், பதிலுக்கு மாமா இடைக்காலத் தொகையை விட்டுக்கொடுத்தார். சமரச மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவரிடம் அத்தை என்ன ஆச்சு என்று கேட்டாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “வீடு வந்துடுச்சு. மீனைத்தான் ஆத்துல விட்டுட்டேன்.”