தேரிமணலில் மவுண்டன் பைக்

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று தூத்துக்குடியில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. துறைமுகத்தை விட்டுத் திருச்செந்தூர் சாலையில் தெற்கே போனால் முள்ளக்காடு உப்பளம், பழையகாயல், ஆத்தூர் வெற்றிலைக்கொடிக்கால் என்று எங்கும் சமதரைதான். ஆனால் திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழிப் பக்கம் நிலம் சட்டென்று சிவந்து மேடு கட்டும். அதுதான் குதிரைமொழித் தேரி. காற்று குவித்த மணல். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துருவின் பூச்சு. பனை, உடை, கொல்லாமரம் நிற்கும் காப்புக்காடு.

அமெரிக்கக் காடுகளில் சைக்கிள் தடங்களுக்கு நிறக்குறி உண்டு: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். தேரியில் அப்படி ஒரு பலகையை நட முடியாது. நட்டாலும் மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கார்த்திகையில் நீலமாக இருக்கும் அதே வண்டித்தடம் ஆடியில் கறுப்பு. மேடும் வளைவும் மாறுவதில்லை, ஈரம்தான் மாறுகிறது. நனைந்த மணலில் மணிகளுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. டயர் மேலாக ஓடும். ஆடிக்காற்றில் காய்ந்துவிட்டால் மணிகள் உருண்டு விலகி, சக்கரம் விளிம்புவரை புதையும். நேற்றைய தடத்தையும் காற்று மூடியிருக்கும்.

ஆகவே இங்கே ரசிக்க வேண்டிய வித்தை கால்பலம் அல்ல, மணலைப் படிக்கும் கண். அடர்ந்த சிவப்பு ஈரம், வெளிறிய சிவப்பு காய்ச்சல். மர நிழலில் ஈரம் வெயிலேறியும் தங்கும் என்று ஓரமாக ஒதுங்கினால் உடைமுள் காத்திருக்கும். டியூப்லெஸ் டயருக்குள் பசைத் திரவம் ஊற்றாமல் வருவது வீம்பு. காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் டயர் அகன்று மணலில் பரவும். புதைமணல் தெரியும்போதே கியரை இறக்கிவிட வேண்டும். உள்ளே போனபின் இறக்கினால் வேகம் செத்துவிடும். எடையைப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரை இறுக்காமல், முன்சக்கரத்தைக் கொஞ்சம் அலைய விட வேண்டும். பிரேக் பக்கம் விரலே போகக் கூடாது. நன்றாக ஓட்டுபவர் போன தடம் நேர்கோடாக இருக்காது. லேசாக நெளிந்திருக்கும், ஆனால் எங்கும் அறுபடாது.

இத்தனையும் பனையேறிகளுக்குப் பழக்கம். கியர் கிடையாது, ஒல்லி டயர், கேரியரில் பதநீர்க் குடம். எங்கே மிதிப்பது, எங்கே இறங்கி உருட்டுவது என்பதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. விலையுயர்ந்த சைக்கிளோடு வருகிறவர்கள் இறங்கி உருட்டுவதை அவமானமாக நினைக்கிறார்கள். அது கலையில் பாதி என்பேன்.

அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் பக்கம் மணலுக்கு நடுவே சுனையே உண்டு. அங்கே போகும்போதும் ஊர்த்தடங்களை விட்டு விலகாதிருப்பது நல்லது. காப்புக்காடு என்பது ஒரு காரணம், எல்லா மேடும் ஒன்றுபோல இருப்பதால் திசை தப்பும் என்பது இன்னொன்று.

ஒரே குறை, தடம் இறுகும் கார்த்திகையில் பதநீர் கிடைக்காது. பதநீர் பெருகும் சித்திரையில் தடம் இளகிவிடும். உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.