'அவுச்' யாரைக் கூப்பிடுகிறது?

இப்போது வரும் கதைகளில் கதவிடுக்கில் விரல் மாட்டினால் பாத்திரங்கள் 'அவுச்' என்கின்றன. 'ஐடி பசங்க பேசுறதத்தானே எழுதுறோம்' என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல் கதைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

2024-இல் வெளியான ஓர் ஆய்வு 131 மொழிகளை எடுத்துக்கொண்டது. வலிச்சொற்களில் 'ஆ', 'ஐ', 'ஔ' போன்ற ஒலிகள் அதிகம் என்று அது காட்டியது. குருசுக்குப்பத்து மீனவரின் 'ஐயோ', சற்றுத் தெற்கே பிரெஞ்சுக்காரர் தெருக்களில் ஒலித்த 'ஆய்', ஆங்கில 'அவுச்' எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வாய்த்திறப்பு. ஒலியை வைத்து நம்முடையது, அவர்களுடையது என்று சண்டை போட முடியாது.

வேறுபாடு விளியில் இருக்கிறது. 'அம்மா', 'ஐயோ அப்பா', 'முருகா' என்று அடிபட்டதும் நாம் யாரையோ கூப்பிடுகிறோம். தாய் செத்து இருபது வருஷம் ஆனவரும் முள் குத்தினால் 'அம்மா' என்றுதான் கத்துவார். 'அவுச்' யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆகவே 'அம்மா'வை எடுத்துவிட்டு 'அவுச்' போட்டால் கதையிலிருந்து ஓர் ஆள் வெளியேறுகிறார். கூப்பிட யாருமில்லாத ஒருத்தியின் தனிமைக்காக அதை எழுதினால் அந்த ஒரு சொல்லே கதை. வெறும் மாடர்ன் தோரணைக்கென்றால், அவளுக்கு வலிக்கவே இல்லை.