பிறந்த ராஜாவும் செத்த ராஜாவும்

எங்க வேங்கிக்கால்லதான் கலெக்டர் ஆபீஸ். கார்த்திகைத் தீபத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பு இங்கிருந்துதான் வரும். தஞ்சாவூரில் அதேமாதிரி ஐப்பசிச் சதயத்துக்கு, ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்துக்கு, விடுமுறை. 2022இல் அது அரசு விழாவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆபீஸ்காரர்கள் ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை செய்து லீவைத் திருப்பித் தரணும். வயல்ல நிக்கிற கூலிக்காரங்களுக்கு அந்த லீவே கிடையாது.

பெரிய கோயில் கல்வெட்டு, கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில் தீண்டாச்சேரியையும் பறைச்சேரியையும் தனியே கழித்துக் காட்டுகிறது. விழா மேடைகளில் அந்த வரிகளை நான் கேட்டதில்லை.

எங்களுக்கும் ஒரு ராஜா உண்டு: போசள வல்லாளன். 1342இல் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். பிள்ளையில்லாத ராஜா என்பது ஊர்க்கதை. மாசி மகத்தன்னிக்கு அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தங்கரைக்குப் போய், மகனாக நின்று அவனுக்குத் திதி கொடுக்கிறார். இதுவும் ராஜவிசுவாசந்தான், மறுக்கலை; சாமியையே ராஜாவுக்குப் பிள்ளையாக்கிய ஏற்பாடு. ஆனாலும் திதி, ராஜா செத்துப்போனான் என்று ஒத்துக்கொள்கிறது. பிறந்தநாள் விழாவோ அவன் ஆட்சி இன்னும் முடியலை என்கிறது. ஒருவகையில் அது உண்மைதான்: கல்வெட்டில் பிரித்த சேரி ஊரில் இன்னும் பிரிந்தேதான் கிடக்கிறது.