வெள்ளுடையும் மேடைக் குரலும்

நாடக நடிகையரைப் பற்றி எழுதுவோர் அவர்தம் வாழ்வை ஆராயும் அளவிற்குக் கலையை ஆராய்வதில்லை. கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) இதற்குத் தக்க சான்றாவார். கொடுமுடியிற் பிறந்து, சிறுமியாய் மேடையேறி, இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்துப் புகழ்பெற்று, 1927இல் அவரை மணந்து, 1933இல் அவரை இழந்து, வெள்ளுடை பூண்டு, இனி ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார் என்பது பலரும் அறிந்த வரலாறு. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண்வேடம் ஏற்றதையும் அவ்வுறுதியின் விளைவென்றே கூறி அமைவர். இல்லையேல் அவர் பெற்ற இலட்ச ரூபாய் ஊதியத்தைப் பேசுவர்.

உறுதி, வேடத்தைத் தேர்ந்ததற்குக் காரணமாகலாம். வேடம் நிறைவெய்தியதற்குக் காரணமாகாது. பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னார் 1899இல் ஹாம்லெத்தாகவும், மறு ஆண்டு, தம் ஐம்பத்தைந்தாம் அகவையில், நெப்போலியனின் இளமகனாகவும் நடித்தார். அவர்தம் குரலையும் நடையையும் பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். நம் நடிகையிடம் நாம் காண்பதோ கைம்மை நோன்பு ஒன்றே.

சுந்தராம்பாள் பயின்ற களம் ஸ்பெஷல் நாடகம். அங்கு இயக்குநரும் இல்லை. கூட்டு ஒத்திகையும் இல்லை. சங்கரதாச சுவாமிகள் (1867–1922) யாத்தவை போன்ற நாடகப் பாடங்களைத் தனித்தனியே கற்ற நடிகர், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையிலேயே கூடுவர். ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியும் நாரதரும் நிகழ்த்தும் தருக்கம், எதிராளியின் சொல்லையும் சுருதியையும் அக்கணமே வாங்கி விடையிறுக்கும் திறனை வேண்டுவது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைவரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்றாக வேண்டும். கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு எதிர்நின்று இதனைச் செய்தவர் அவர். ஆதலின், ‘பாடினார், நடித்தாரல்லர்’ என்னும் கூற்று பொருந்தாது. அம்மேடையில் பாட்டே நடிப்பு.

‘ஔவையார்’ (1953) படத்தில் முதுமையை அவர் நடுங்குங் குரலாற் காட்டவில்லை, முழுக்குரலிற் பாடுகிறார். புலமையே அங்கு முதுமையாகிறது. வசனம் பேசுமிடங்களிற் சற்றே விறைப்பு உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. மேலவை உறுப்பினர் பதவியும் (1958) பத்மஸ்ரீ விருதும் (1970) ஈண்டு விரித்தற்குரியன அல்ல.

அரியக்குடி என்றவுடன் இராமாநுச ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறை நினைவிற்கு வருகிறது. அதனை இசையாய்வாளர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். அதே செட்டிநாட்டுத் திருவிழாக்களில் விடிய விடிய நிகழும் வள்ளி திருமணத்தின் பாட்டுமுறை அத்தகைய கவனம் பெறவில்லை. சுந்தராம்பாள், கிட்டப்பா இருவர்தம் இசைத்தட்டுகளையும் அச்சிட்ட நாடகப் பாடத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, பாடம் எங்கு நின்றது, நடிகர் எங்குத் தாமே சொற்பெய்தனர் என்று காண்பதே முதற்பணியாதல் வேண்டும்.