பழைய சாமானில் ஒரு கொட்டகை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேசன்ஸ் பெண்ட் என்றொரு ஏழைக் குடியிருப்பு. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ரூரல் ஸ்டூடியோ’ 1990களில் அங்கே ஒரு முதிய தம்பதிக்கு வைக்கோல் கட்டுகளால் வீடு கட்டிக் கொடுத்தது. கூடவே, மீனைப் புகைபோட ஒரு சிறு கொட்டகையும் எழுந்தது. உடைத்துப் போட்ட சாலையோரக் கான்கிரீட் கட்டைகள் சுவராயின. இடையிடையே பதித்த பாட்டில்கள் வெளிச்சம் தந்தன. கழித்துவிட்ட சாலை அறிவிப்புத் தகடுகள் கூரைக்குப் போயின. செலவு சுமார் 140 டாலர்.

அந்த 140தான் ஆளை ஏமாற்றும். கட்டியவர் மாணவர், கூலி கணக்கில் ஏறவில்லை. பழைய பொருளில் விலை குறைவு, வேலை அதிகம். ஆணி பிடுங்க வேண்டும், காரை கொத்த வேண்டும், கிடைத்த ஜன்னலுக்கு ஏற்பச் சுவரின் அளவை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் கொத்தனாரையும் ஆசாரியையும் நம்பியிருப்பவருக்கு இதில் மிச்சம் பிடிப்பது கடினம். ஆனால், சாமான் போட்டுவைக்கும் கொட்டகையில் கோணல்மாணல் பொறுக்கும். கைப்பழக்கத்துக்கு அதைவிடத் தோதான கட்டடம் இல்லை.

தமிழ்நாட்டில் எந்த வீட்டை இடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது லாபம். சுண்ணாம்புக் காரையில் கட்டியதென்றால் தட்டியதும் காரை உதிரும், செங்கல் முழுசாகக் கைக்கு வரும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு நிலைகள் இன்றும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. சிமெண்டோ செங்கல்லை விடாது. உடைத்தால் இரண்டும் சேர்ந்தே உடையும். கான்கிரீட் வீட்டில் பழைய இரும்புக்காரர் கொண்டுபோகும் கம்பி போக, பெரும்பாலும் இடிபாடுதான். மறுபயன்பாட்டைப் புகழ்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை: இன்று நாம் எடுத்தாள்வது தாத்தா காலக் கட்டுமானத்தின் மிச்சம். நாம் கட்டும் வீடுகளிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு தேறாது.

பெரிய ஆபத்து கூரையில் இருக்கிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு. அளவுக்கு அறுக்காமல், துளை போடாமல் வேலை முடியாது. அப்போது பறக்கும் இழை நுரையீரலில் தங்கினால் புற்றுநோய்வரை போகும். ஆஸ்திரேலியா 2003 முடிவிலேயே முழுத் தடை போட்டுவிட்டது; இந்தியாவில் புது ஷீட்டே இன்னும் கடையில் விற்கிறது. கூரைக்கு மட்டும் புதிய தகரம் வாங்குவது கஞ்சத்தனத்துக்கு ஒவ்வாது, உயிருக்கு ஒத்துக்கொள்ளும்.

இறக்குமதிச் சரக்கோடு வரும் பேலட் பலகை ஆஸ்பெஸ்டாஸுக்குப் பரவாயில்லை, முத்திரையைப் பார்த்து வாங்கினால். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு பிடித்தது. விதைநெல்லும் தீவனமும் அடுக்கப்போகிறவர் இரண்டாவதைத் தொடாமலிருப்பது நல்லது.