உப்புக்காற்றில் மடங்கும் கண்ணாடி

பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடத்தில் ஓடப்போகிற காருக்குக் கையால் மடக்கும் சைடு மிரரே பொருத்தம் என்பது என் முடிவு. பொத்தானை அழுத்தியதும் தானாக ஒடுங்கும் கண்ணாடி அழகுதான். ஆனால் அங்கே வீசுவது உப்புக்காற்று. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தைச் சோதிக்க அருகிலுள்ள மண்டபத்தில் களநிலையம் வைத்திருப்பதே இந்தக் காற்றின் குணத்தைச் சொல்லும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் உப்போடு மணலும் சேர்ந்துகொள்கிறது.

கண்ணாடி மடங்குவதன் முக்கிய வேலை இடத்தை மிச்சப்படுத்துவது அல்ல. ஆளோ கம்பமோ மோதினால் முறியாமல் விட்டுக்கொடுப்பதுதான். அதற்கு அடியில் ஒரு தண்டும், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும், நின்றுகொள்ள ஒரு பள்ளமும் போதும். 1984இல் நிசான் லாரல் காரில் வந்த மின்மடிப்பு, இதே இடத்தில் சிறு மோட்டாரையும் பல்சக்கரங்களையும் சேர்த்தது. கடைசிவரை மடங்கித் தடையில் முட்டியதும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும். பல கார்களில் அதை அடையாளமாகக் கொண்டே இயக்கம் நிற்கிறது. சிக்கலும் இங்கேதான். தண்டில் உப்புப் படிந்து இறுகினால் பாதி வழியிலேயே மின்னோட்டம் கூடிவிடும். வேலை முடிந்ததென்று எடுத்துக்கொண்டு கண்ணாடி அரைகுறையாக நின்றுவிடும். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டு அசைவே இல்லையென்றால், பெரும்பாலும் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். சக்கரம் தனியாகக் கிடைக்காத மாடல்களில் முழு மிரரையும் மாற்றவேண்டும்.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய நெருக்கடியில் டிரைவர் இருக்கையிலிருந்து இடப்பக்கக் கண்ணாடி கைக்கு எட்டாதே என்று கேட்பார்கள். நியாயம்தான், இந்த ஒரு குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மடக்க வேண்டியது பெரும்பாலும் வண்டியை நிறுத்திய பிறகு. அப்போது எப்படியும் இறங்கத்தான் போகிறோம். மோட்டார் உறைக்குள் மூடித்தானே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. உறை தண்ணீரைத் தடுக்கும். ஆனால் சுழலும் தண்டின் இடைவெளியை முற்றாக அடைக்க முடியாது. கையால் மடக்குவதிலும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், ஆனால் இறுக்கம் கையிலேயே தெரிந்துவிடும்; நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஏற்கெனவே மின்மடிப்பு உள்ள காரை வாங்கியவர்கள், பூட்டும்போதெல்லாம் தானாக மடங்கும் அமைப்பை செட்டிங்கில் நிறுத்திவைக்கலாம். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தில் யாராவது கையால் தள்ளிவிட்டால், கண்ணாடி பள்ளத்திலிருந்து விலகித் தளர்ந்து ஆடும். அதைத் திரும்பக் கையால் இழுக்காமல், பொத்தானால் ஒருமுறை முழுக்க மடக்கி விரித்தால் ‘டக்’கென்று தன் இடத்தில் விழும்.